லெப்பர்ட் கெக்கோ சாப்பிட மாட்டேங்குது: பெங்களூரு ஜனவரிக் குளிருக்குச் சூடும் தொட்டியும் எப்படி அமைப்பது?

ஏரிக்கரை (அல்சூர்):

வணக்கம். என் எட்டு மாத லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் பல்லி வகை) பத்து நாளாகச் சரியாகச் சாப்பிட மாட்டேங்குது. விவரத்தையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை 34 கிராம். மாத ஆரம்பத்தில் 36 இருந்தது. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம், மேலே கம்பி வலை. ஒரு ஓரத்தில் கண்ணாடிக்கு அடியில் 14 வாட் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு), நேராக ப்ளக்கில், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) கிடையாது. தரைக்குக் கோகோபீட் இரண்டு அங்குலம். பக்கக் கண்ணாடியில் ஒட்டிய பட்டைத் தெர்மாமீட்டர் 26 காட்டுது. அறை பகலில் 24, விடியற்காலையில் 19. இரவுக்கு 25 வாட் சிவப்பு பல்பு. ஒளிந்துகொள்ள ஒரே ஒரு கொட்டாங்குச்சி, தொட்டியின் நடுவில்.

சாப்பாடு மீல்வார்ம் புழு மட்டும்தான். வாரம் ஒருமுறை கால்சியம் பவுடர் தூவுகிறேன். போன வாரம் சட்டை உரித்தது. வலது முன்காலில் இரண்டு விரல் நுனியில் வெள்ளை வளையம் மாதிரி தோல் நின்றுபோச்சு. நேற்று வந்த எச்சத்தில் புழு பாதி செரிக்காமலே இருந்தது.

கடையில் கேட்டால் "சூடு பத்தலை, 40 வாட் மேட் போடுங்க" என்கிறார்கள். வாங்கலாமா? மேட்டே போதுமா, மேலிருந்து விளக்கு வேண்டுமா? சாப்பிடாததால் வாயைத் திறந்து ஊட்டலாமா?

சூட்டுமானி:

40 வாட் மேட் வாங்காதீர்கள். ஊட்டவும் வேண்டாம். உங்கள் தொட்டியில் சூடு இல்லாமல் இல்லை, கெக்கோவுக்கு எட்டாத இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது.

காய்ந்த கோகோபீட் சூட்டைக் கடத்தாது. அடியில் மேட் ஓடிக்கொண்டே இருக்கும்போது, கண்ணாடி 45 டிகிரியைத் தாண்டிப் போகும். இரண்டு அங்குலம் மேலே வந்தால் 25தான் இருக்கும். கெக்கோ சூட்டைத் தேடித் தோண்டும். தோண்டித் தோண்டி அடிக்கண்ணாடியில் வயிற்றை வைத்துப் படுக்கும். சுட்டால் தானே எழுந்து போய்விடும் என்று நம்ப முடியாது. ஊர்வன சூடான பரப்பில் அசையாமல் கிடந்தே தோல் வெந்துபோவது உண்டு. முதல் வேலையாக அதை மெதுவாகத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். சிவந்த திட்டு, கொப்புளம், பழுப்பாகக் காய்ந்த தோல் இருந்தால் மருந்து எதையும் நீங்களாகப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பட்டைத் தெர்மாமீட்டரைப் பிய்த்துப் போட்டுவிடலாம். அது காட்டுவது பக்கக் கண்ணாடியின் சூட்டை. நமக்கு வேண்டியது வயிறு படுகிற தரையின் சூடு. வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, ஒரு இன்ஃப்ராரெட் கன் (தொடாமலே பரப்பின் சூட்டை அளப்பது), இந்த மூன்றும் இருந்தால் போதும். கன்னை 15, 20 சென்டிமீட்டர் தூரத்தில் நேர்குத்தாகப் பிடியுங்கள். வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் கல்லை அளக்காது, அந்தக் கண்ணாடியைத்தான் அளக்கும். மூடியைத் திறந்து மேலிருந்துதான் அளக்க வேண்டும்.

வேண்டிய அளவு இது. சூட்டுப் பக்கத் தரை 31 முதல் 33. குளிர்ப் பக்கம் 22 முதல் 25. மேலிருந்து விளக்கு போட்டால் அதற்கு நேர் கீழே உள்ள கல் 34, 35 வரை போகலாம். இரவில் எல்லாம் அணைந்து 19, 20க்கு இறங்கினால் நல்ல உடம்புள்ள கெக்கோவுக்குக் கேடில்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லுக்காட்டிலிருந்து வந்த பிராணி அது. இரவுக் குளிர் அதற்குப் பழக்கம். ஆனால் உங்களுடையது இப்போது நலிந்திருக்கிறது. அதனால் தேறும்வரை இரவிலும் சூட்டுப் பொந்தில் (சூட்டுப் பக்கம் வைக்கும் ஒளிவிடம்) 27, 28 இருக்கட்டும்.

புழு செரிக்காமல் வந்ததற்கும் காரணம் இதுதான். இரை செரிக்க அதன் உடம்பு சூடாக வேண்டும், அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். தரை 28க்குக் கீழே இருக்கும்போது ஊட்டினால் இரை வயிற்றிலேயே கிடந்து அழுகும். இப்போது பசியில்லாமல் இருப்பது அது தன்னைக் காத்துக்கொள்வது.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: கோகோபீட் முழுவதையும் அள்ளிவிட்டு, சமையலறை டிஷ்யூ இரண்டு மடிப்பு விரியுங்கள். சிவப்பு பல்பைக் கழற்றுங்கள். கெக்கோக்கள் மங்கிய வெளிச்சத்திலும் நிறம் பிரித்தறியும். இரவு முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியே வர வேண்டிய நேரத்தில் ஒளிந்தே கிடக்கும். தெர்மோஸ்டாட் வரும்வரை மேட்டைக் கண்காணிப்பில்லாமல் ஓட விடாதீர்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் கன்னால் அளந்து அளந்து ஓட்டுங்கள், 33 தாண்டினால் அணையுங்கள். தூங்கும்போது, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் ஒரு ராத்திரி சமாளிக்கும். இரண்டு நாள் தரை சரியாக இருக்கட்டும், அதன்பிறகு இரை வையுங்கள்.

தெர்மோஸ்டாட் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். எஸ்டிசி-1000 என்று கேளுங்கள், 230 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள். அதே உருவத்தில் 12 வோல்ட், 110 வோல்ட் மாடல்களும் உண்டு. அதில் சூட்டுக்கு ஒரு ரிலே, குளிருக்கு ஒரு ரிலே. மேட்டைச் சூட்டு ரிலேயில் இணைக்க வேண்டும். ரிலே வெறும் சுவிட்சுதான், அதிலிருந்து கரண்ட் வராது. லைன் வயரைத் தனியாக இழுத்து அதன் வழியே கொண்டுபோக வேண்டும். வயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாட்டி, ப்ளக்கும் சாக்கெட்டும் பொருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். F1இல் (வேண்டிய சூடு) 32, F2இல் (வித்தியாசம்) 1 வையுங்கள். 31க்கு வந்தால் ஓடும், 32இல் நிற்கும். நின்ற பிறகும் மேட்டில் தேங்கிய சூட்டால் ஒன்றிரண்டு டிகிரி ஏறும். இரண்டு மணி நேரம் கழித்துக் கன்னால் பார்த்து F1ஐக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் நுனி எங்கே இருக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. சூட்டுப் பொந்துக்குள், மேட்டுக்கு நேர் மேலே, தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். கழன்று காற்றில் தொங்கினால் 24 என்று படிக்கும். தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்கவே அணைக்காது. தொட்டிக்குள் செல்லோடேப் ஒட்டவே கூடாது. கெக்கோ அதில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோலோடு வந்துவிடும். அக்வேரியம் சிலிக்கான் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் காய்ந்து வினிகர் வாசனை போன பிறகு கெக்கோவை உள்ளே விடுங்கள். சிலிக்கான் வேண்டாமென்றால் ஒரு தட்டைக் கல்லால் வயரை அழுத்தி வையுங்கள்.

இன்னொன்று. இந்த விலைக்கு வருகிற தெர்மோஸ்டாட்டில் ரிலே ஒட்டிக்கொண்டு நின்றுபோவது உண்டு, அப்போது மேட் அணையாது. இரண்டாவதாக ஒன்றை வாங்கி 35இல் வைத்து, முதலாவதோடு தொடராக இணைத்துவிட்டால் ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். மேட்டை விட இந்தச் செலவுதான் முக்கியம்.

மாடிவீடு (மல்லேஸ்வரம்):

சூட்டுமானி சொன்ன அவசர வேலைகள் அத்தனையும் சரி. மேட்டிலேயே நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. மேட் தொட்ட இடத்தை மட்டும் சுடவைக்கும், காற்றைச் சுடவைக்காது. நம்மூர் ஜனவரியில் அறை 19க்கு இறங்கும்போது கெக்கோ தரையை விட்டு எழுந்தாலே குளிரில் நிற்கும். ஆலசன் விளக்கு கல்லையும் காற்றையும் சேர்த்துச் சுடவைக்கும், அதன் கதிர் தசைக்குள்ளும் இறங்கும். அந்தியில் வெளியே வந்து, பகல் வெயிலில் காய்ந்த பாறையில் படுத்துக் குளிர் காய்வதுதான் இதன் வழக்கம். அந்தப் பாறையைத்தான் நாம் தொட்டிக்குள் செய்துதர வேண்டும்.

அதற்கு நமக்குக் கைகண்ட பொருள் கடப்பா கல். சமையல் மேடைக்கு அறுத்த மிச்சத் துண்டு எந்தக் கல் கடையிலும் கிடக்கும். 20 மில்லிமீட்டர் கனம், ஒரு அடிக்கு முக்கால் அடி. கறுப்பாக இருப்பதால் சூட்டை வாங்கிக்கொள்ளும், விளக்கு அணைந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும். பாலிஷ் பண்ணாத பக்கம் மேலே இருக்கட்டும். கெக்கோவுக்கு ஏற நகப் பிடிப்பும் உரசித் தேய்க்க இடமும் வேண்டும். வீட்டுப் பல்லி மாதிரி விரலில் ஒட்டுந்திண்டு இதற்குக் கிடையாது. விளிம்பை உப்புத்தாளால் மழுக்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இவ்வளவு கனமான கல்லை மேட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். கல் விளக்குக்கு, மெல்லிய டைல் மேட்டுக்கு.

உங்கள் ஒரு அடி உயரத் தொட்டியில் விளக்கு கல்லுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும், 50 வாட் போட்டால் வெந்துவிடும். எப்படியும் அது இன்னும் வளரும், தொட்டியை மாற்றத்தான் வேண்டும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று அக்வேரியம் கடையில் சொல்லிச் செய்யலாம். தண்ணீர் தாங்க வேண்டியதில்லை, அதனால் 5 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். மேல்மூடி முழுக்கக் கம்பி வலை. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், முன்னால் நகரும் கண்ணாடி வைத்துச் செய்தால் குளிர்காலத்துக்கு இன்னும் நல்லது. ஆனால் பின்சுவரில் மேலே ஒரு துளைவரிசை, எதிர்ப்பக்கம் கீழே ஒன்று, இரண்டும் இருந்தால்தான் காற்று ஓடும்.

விளக்கு: 50 வாட் ஆலசன், வலைக்கு வெளியே, கல்லிலிருந்து ஒரு அடி உயரத்தில். ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் ஒரு மாதத்தில் உருகி விழும். ஆலசனை எஸ்டிசி-1000இல் மாட்டாதீர்கள். அது ஏற்றி அணைத்து ஏற்றி அணைத்து பல்பைக் கொன்றுவிடும், வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் கெக்கோவும் மிரளும். சாதாரண லைட் டிம்மர் ஒன்று போட்டு, கல் 34 காட்டும்வரை திருகி, அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் வேறு, லைட் டிம்மர் வேறு; கடையில் சொல்லி வாங்குங்கள். குளிர்காலத்தில் காலை 7 முதல் மாலை 6 வரை எரியட்டும். டைமர் வாங்கும்போது பற்கள் சுற்றுகிற பழைய வகையை வாங்கினால், கரண்ட் போன நேரமெல்லாம் அது நின்றுபோய் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பின்தங்கும். ஒரு மாதத்தில் விளக்கு இரவு பத்து மணிவரை எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

பொந்து மூன்று வேண்டும். சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பொந்து. ஒன்றே ஒன்று நடுவில் இருந்தால் கெக்கோ சூட்டுக்கும் மறைவுக்கும் நடுவே தவித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மறைவைத் தேர்ந்தெடுத்துக் குளிரில் கிடக்கும். உங்கள் கொட்டாங்குச்சியைக் குளிர்ப் பக்கம் தள்ளுங்கள். பொந்தின் கூரை முதுகில் லேசாக உரசும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால்தான் அது நிம்மதியாகப் படுக்கும்.

ஈரப் பொந்து இல்லாததால்தான் விரலில் சட்டை நின்றது. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா எடுத்துப் பக்கத்தில் 5 சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். உள்ளே ஸ்ஃபாக்னம் பாசி மூன்று விரற்கடை. கையில் அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் அளவு. தொட்டியின் மற்ற இடமெல்லாம் 30, 40 சதவீத ஈரத்தில் காய்ந்திருக்க, இந்த டப்பாவுக்குள் மட்டும் 70, 80 இருக்கும். வாரம் ஒருமுறை பாசியை அலசுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பூசணம் வாசனை வந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தேறிய பிறகு தரைக்கு மண் போட ஆசைப்பட்டால் உரம் போடாத தோட்டத்து மண் 7 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தி, முழுக்கக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது பாறையை உடைத்த தூள், ஒவ்வொரு துகளும் கூராக இருக்கும். கால்சியம் மணல் என்று வண்ண வண்ணமாகப் பாக்கெட்டில் விற்பதும் வேண்டாம்; நக்கித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும்.

முசுக்கொட்டை:

சாப்பாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன்.

எடை முதலில். 36இலிருந்து 34 என்றால் பதினெட்டில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு, அதாவது 32.4க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். வாலைப் பக்கவாட்டில் படமெடுத்து வையுங்கள். கொழுப்பு அங்கேதான் சேமிக்கிறது. வாலின் அடி கழுத்தை விட மெலிந்துகொண்டே போனால், சூடு சரியான பிறகும் சாப்பிடாமல் இருந்தால், எச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும். புதிய எச்சத்தைச் சின்ன டப்பியில், காயாமல், அன்றே கொண்டுபோக வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் (குடலில் தொற்றும் ஒட்டுண்ணி) பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சாதாரண எச்சப் பரிசோதனையில் அது தப்பிவிடும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை, முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மீல்வார்ம் மட்டும் போதாது. கொழுப்பு அதிகம், ஓடு கடினம், பெரும்பாலான இரைப் பூச்சிகளில் உள்ளது போலவே பாஸ்பரஸ் கூட, கால்சியம் குறைவு. கால்சியம் இரண்டு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்பதுதான் நல்ல அளவு. பவுடர் தூவாவிட்டால் குறையும் கால்சியத்தை அது தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி வளைவது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுவது, விரல் நடுங்குவது எல்லாம் அதன் அடையாளம். எலும்பு வளைந்த பிறகு திரும்ப நேராகாது.

பவுடர் விஷயம் இப்படி: வைட்டமின் டி3 இல்லாத வெறும் கால்சியம் பெரும்பாலான வேளைக்கு, டி3 கலந்த கால்சியம் வாரம் இரண்டு முறை, மல்டிவிட்டமின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தாழ்ந்த அளவு யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு வைத்தால் டி3 பவுடரைக் குறைக்க வேண்டும். குழலை வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும், வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், யூவிபி தீர்ந்திருக்கும். ஜன்னல் வெயில் அதற்கு ஈடாகாது. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டிக்குள் கெக்கோ சில நிமிடங்களிலேயே செத்துப்போகும். வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாக உள்ள அல்பினோ வகை என்றால் யூவிபியை இன்னும் குறைவாக, நிறைய நிழலோடு வையுங்கள். அதன் கண் வெளிச்சம் தாங்காது.

யாரும் எழுதாமல் விட்டது ஒன்று. கால்சியம்தானே என்று வெற்றிலைச் சுண்ணாம்பைத் தூவாதீர்கள். அது சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டது, வாயும் தொண்டையும் வெந்துவிடும். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் வேண்டாம், அதில் எவ்வளவு டி3 இருக்கிறது என்று கெக்கோவின் அளவுக்குக் கணக்குப் பண்ண முடியாது.

இப்போது பெங்களூரில் இருப்பவர்களுக்கு வாய்த்த நல்ல விஷயம் பட்டுப்புழு. ராமநகரம், சிட்லகட்டா பக்கம் வருடம் முழுக்க வளர்க்கிறார்கள். ஓடு இல்லாத மெத்தென்ற உடம்பு, ஈரம் நிறைய, கொழுப்பு குறைவு. சாப்பிடாமல் இருக்கும் கெக்கோவைத் திரும்பச் சாப்பிட வைக்க இதைவிட நல்ல இரை இல்லை. ஆனால் வளர்ப்புத் தட்டிலிருந்து நேராக எடுத்துப் போடக் கூடாது. நோய் வராமலிருக்கப் புழுப் படுக்கையில் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினிப் பொடியும் தூவுவார்கள். சாக்கிப் புழுவாக (இளம் பட்டுப்புழு), இரண்டாம் தோலுரிப்பு முடிந்ததாக வாங்கி, மருந்தடிக்காத மல்பெரி இலையைக் கழுவித் துடைத்துப் போட்டு மூன்று நாள் வளர்த்த பிறகு கொடுங்கள். ஈர இலை போட்டால் புழுவுக்குக் கழிச்சல் வரும். கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தை விடப் புழு தடிமனாக இருக்கக் கூடாது. ஐந்தாம் பருவப் புழு இதன் வாய்க்கு மிகப் பெரிது.

வழக்கமான இரை கிரிக்கெட் பூச்சியும் டூபியா கரப்பானும். கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிக்கு முருங்கைக்கீரை, கேரட், பூசணி போடுங்கள். பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். எட்டு மாதத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அந்தி நேரத்தில் ஆறேழு பூச்சி. ஒரு வயதுக்கு மேல் வாரம் இரண்டு, மூன்று முறை போதும். தின்னாத கிரிக்கெட்டை அன்றிரவே எடுத்துவிடுங்கள், தூங்கும் கெக்கோவின் விரலையும் கண் இமையையும் கடிக்கும். வீட்டில் பிடித்த கரப்பானும் பல்லியும் கூடாது. மருந்து தின்றதா, புழு பிடித்ததா என்று நமக்குத் தெரியாது.

விரலில் நின்ற தோலுக்கு: ஒரு டப்பாவில் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், அதன் விரல் மட்டும் மூழ்கும் ஆழம், அரை சென்டிமீட்டர். துளையிட்ட மூடி போட்டு 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். பிறகு நனைத்த காது பஞ்சுக்குச்சியை விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி உருட்டுங்கள். இழுக்காதீர்கள், நகத்தோடு வந்துவிடும். வளையம் காய்ந்து இறுகினால் ரத்தம் ஓடாமல் விரல் நுனி கறுத்து விழுந்துவிடும், அதனால் தள்ளிப்போடவும் கூடாது.

ஏரிக்கரை (அல்சூர்):

மூவருக்கும் நன்றி. சொன்னபடி அளந்து பார்த்தேன். கோகோபீட்டை அள்ளியதும் மேட்டுக்கு மேலுள்ள கண்ணாடி 47.5. வயிற்றில் காயம் இல்லை. மேட்டை அணைத்து, டிஷ்யூ விரித்தாச்சு. ஈரப் பொந்து வைத்தேன். ஒரு விரலில் வளையம் கழன்றது, இன்னொன்று பாதி நிற்குது.

தெர்மோஸ்டாட் மாட்டி 32, வித்தியாசம் 1 வைத்தேன். சூட்டுப் பொந்துக்குள் டைல் போட்டு, சென்சாரை டிஷ்யூ மேல் வைத்து அதன்மேல் கல் வைத்திருக்கிறேன். திரையில் 32 காட்டுது. ஆனால் டைல் மேல் கன் 36.2 காட்டுது. கன் கோளாறா, தெர்மோஸ்டாட் கோளாறா?

சூட்டுமானி:

இரண்டும் கோளாறு இல்லை. சென்சார் டிஷ்யூ மேல் இருக்கிறது, அடியில் இரண்டு மடிப்புக் காகிதம், அதற்குள் காற்று. கல் வயரைத்தான் அழுத்துகிறது. நுனி ஒரு நெல்மணி உயரம் தூக்கிக்கொண்டு நிற்கும், குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடைவெளிக்கு நாலு டிகிரி சாதாரணம். டிஷ்யூவை விலக்கிவிட்டு, நுனியை டைலின் மேற்பரப்பிலேயே படியவைத்து, நுனியிலிருந்து ஒரு விரல் தள்ளி சிலிக்கான் வையுங்கள். அது காயும்வரை F1ஐ 28க்கு இறக்கி வைத்தால் டைல் 32இல் நிற்கும். கன்னை நம்ப வேண்டுமா என்று சந்தேகம் இருந்தால், ஐஸ்கட்டி நிறையப் போட்டுக் கலக்கிய தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள், பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் காட்ட வேண்டும். பளபளப்பான டைல் என்றால் ஒரு மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளந்துவிட்டு, உடனே டேப்பை எடுத்துவிடுங்கள்.

மாடிவீடு சொன்ன ஆலசனை நானும் ஏற்கிறேன், ஆனால் இந்தத் தொட்டியில் இல்லை, மூன்றடிக்கு மாறிய பிறகு. அப்போதும் மேட்டைக் கழற்ற வேண்டாம். பகலுக்கு விளக்கு, ராத்திரிக்கு மேட் 27இல். கரண்ட் போனால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 14 வாட் மேட் ஒரு பொருட்டே இல்லை, அந்தச் சாக்கெட்டில் மாட்டுங்கள். நாலைந்து மணி நேரம் சூடே இல்லாவிட்டாலும் கெக்கோ தாங்கும். அன்றைக்கு மட்டும் இரை வைக்காதீர்கள்.

மாடிவீடு (மல்லேஸ்வரம்):

சரி, தொட்டி மாறும்வரை மேட்டே இருக்கட்டும்.

ஜனவரிக்கு இவ்வளவு சொன்னோம், ஏப்ரலையும் நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி, மேற்குச் சுவர் என்றால் மதியம் அறையே 33ஐத் தொடும். தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தும், குளிரூட்டாது. குளிர்ப் பக்கம் 30ஐத் தாண்டினால் விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வலைமேல் குளிர்ப் பக்கமாக வையுங்கள். தொட்டியை உயரமான அலமாரியிலிருந்து தரைக்குப் பக்கமாக இறக்கினாலே ஒன்றிரண்டு டிகிரி குறையும். ஜூனில் மழை பிடித்த பிறகு இன்னொரு தொல்லை: காற்றிலேயே ஈரம் 70, 80க்குப் போகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூச்சுத்தொற்று வரும்; மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது. சூடு நிற்கட்டும் என்று வலையைத் துண்டால் முழுக்க மூடுவார்கள். பாதிக்கு மேல் மூடாதீர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன மின்விசிறியை 5 வோல்ட் சார்ஜரில் ஓட்டினால் சத்தமில்லாமல் மெதுவாகச் சுற்றும். வலைமேல் ஒரு ஓரத்தில் வெளிநோக்கி வைத்தால் ஈரம் இறங்கிவிடும்.

இரண்டாவதாக ஒன்று வாங்கித் துணைக்கு விட வேண்டாம். ஆணும் ஆணும் கடித்துக் கொல்லும், மற்றதும் ஒன்றை ஒன்று சூட்டை விட்டு விரட்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நம் நாட்டிலேயே ஒடிசா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரக் காடுகளில் இதன் நெருங்கிய உறவுகள் உண்டு. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது காட்டில் பிடித்ததை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடாதீர்கள். வளர்ப்பில் பிறந்ததற்கு இப்போது என்ன காகிதம் வேண்டும் என்பதை மல்லேஸ்வரம் 18ஆம் கிராஸில் உள்ள வனத்துறை அலுவலகமான அரண்ய பவனில் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஏரிக்கரை (அல்சூர்):

டார்ச் அடித்துப் பார்த்தேன், நுனி தூக்கிக்கொண்டுதான் நின்றது. சிலிக்கான் வைத்துக் காயவிட்டேன். இப்போது திரையில் 32, கன்னில் 32.6. குளிர்ப் பக்கம் 23. மூன்றாம் நாள் ராத்திரி ஏழரைக்கு வெளியே வந்து, கால்சியம் தூவிய பட்டுப்புழு இரண்டு தின்றது. மூன்றாவதை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. மறுபடி பொந்துக்குப் போய் டைல் மேல் படுத்திருக்கு. மீதிப் புழுவை இன்றைக்கே திரும்ப வைக்கலாமா? விரலில் பாதி வளையம் இன்னும் நிற்குது, தினமும் தண்ணீரில் விடலாமா?

முசுக்கொட்டை:

இன்றைக்கு வேண்டாம். பத்து நாளாகச் சரியான இரை காணாத குடல். ஒருநாள் விட்டு மூன்று, அதன்பிறகு நாலு என்று ஏற்றுங்கள். முதல் எச்சம் முழுசாகச் செரித்து, கறுப்பும் பக்கத்தில் வெள்ளையுமாக வந்த பிறகு கிரிக்கெட் பூச்சி கொடுக்கலாம்.

தண்ணீரில் நாளை மறுநாள் ஒருமுறை விடுங்கள், தினமும் வேண்டாம். தினமும் பிடித்தால் மிரண்டு சாப்பாட்டை விட்டுவிடும். நடுவே ஈரப் பொந்தே பாதி வேலையைச் செய்துவிடும். விரல் நுனி ரோஜா நிறத்தில் இருக்கும்வரை அவசரமில்லை. ஊதா நிறமாகவோ வீங்கியோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி வையுங்கள், ஆட்டோவில் காற்று அடிக்கும்.